நகம் வளராத வீடு

மாவு பொங்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் பிசைந்து, ஈரத்துணி போர்த்தி, அடுப்புக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பான மூலையில் வைத்த மாவு. விடிவதற்கு முன் எழுந்து துணியை விலக்கிப் பார்த்தால் வைத்தது வைத்தபடி கிடந்தது. அவள் விரல் பதிந்த பள்ளங்கள்கூட மூடவில்லை. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனாள். புளிப்பு வாசனை கொஞ்சமும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பீங்கானை முகர்ந்தது போலிருந்தது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே பேக்கரியில் ரொட்டி போடுகிறவள் அவள். அவள் கை பட்டால் கருங்கல்லும் பொங்கும் என்று அடுப்பு மாஸ்டர் கேலி செய்வார். ஈஸ்ட் செத்துப்போயிருக்கும் என்று நினைத்து அதே பொட்டலத்தைக் கையோடு பேக்கரிக்கு எடுத்துப் போனாள். அங்கே ஒரு சிட்டிகை போட்டுப் பிசைந்து வைத்தாள். தட்டுகளை எண்ணெய் தடவி அடுக்கிவிட்டுத் திரும்புவதற்குள் மாவு உப்பிப் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. உன் வீட்டில் மாவுக்குக்கூட சோம்பல் போலிருக்கிறது என்றார் மாஸ்டர். அவளும் சிரித்துவைத்தாள்.

அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து அதிக நாளாகவில்லை. அவளுடைய அம்மா இறந்த பிறகு பழைய வீட்டில் இருக்க முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மா உட்கார்ந்த இடம், அம்மா சாய்ந்த சுவர். ஊரின் விளிம்பில், மரங்கள் அடர்ந்த சரிவில் தனியாக நின்ற இந்த மாடிவீடு வாடகைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஓடிவந்து பிடித்தார்கள். வீட்டுக்காரர் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டிப் பெருமையாகச் சொன்னார், கொசு கிடையாது, கரையான் கிடையாது, ஒரு பல்லியைக்கூடப் பார்க்க மாட்டீர்கள் என்று. கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற அவள் கணவனுக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது. அவன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கட்டடங்களுக்கு வரைபடம் வரைகிறவன். பள்ளிக்கூடம் சேர இன்னும் வயதாகாத மகளை அவன்தான் பகலில் பார்த்துக்கொண்டான். அவளுக்கு ‘வாலு’ என்று பெயர் வைத்ததும் அவன்தான். ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். நின்றால் எதையோ உடைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

வந்த புதிதில் வீடு அவளுக்கு ஒரு வரமாகத் தெரிந்தது. பேக்கரியில் வேலை செய்துகொண்டே இருக்கும்போது, அடுப்பிலிருந்து முதல் தட்டு வெளியே வருகிற நேரத்தில், சுட்ட ரொட்டியின் வாசனையோடு அம்மாவின் நினைப்பு வரும். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அழுவாள். வேலை முடிந்து சரிவில் ஏறிவரும்போதும் மரங்களில் பறவைகள் கத்தக் கத்த, காலடியில் சருகு நொறுங்க நொறுங்க, அந்தத் துக்கம் கூடவே வரும். வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் நின்றுவிடும். குழாயை மூடியது போல. அம்மாவின் படத்தைச் சுவரில் மாட்டி எதிரே உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மனசு ஆறிவிட்டது என்று நினைத்தாள்.

மறுநாள் பேக்கரியில் அதே அழுகை, அதே உக்கிரத்தோடு.

ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தாலும் பறவைச் சத்தம் வீட்டுக்குள் வருவதில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தாள். எதிரே கிளை தெரிகிறது, கிளையில் குருவி தெரிகிறது, அதன் அலகு திறந்து திறந்து மூடுகிறது. சத்தம் இல்லை. வாலு ஒரு டம்ளரில் மண் போட்டுப் பயறு விதைத்திருந்தாள். அது முளைக்கவுமில்லை, அழுகவுமில்லை. தோண்டிப் பார்த்தால் கடையில் வாங்கிய பளபளப்போடு இருந்தது. ராத்திரி படுத்தால் கனவு வருவதில்லை. காலையில் எழுந்தால் தூங்கினோமா என்ற சந்தேகம்தான் வந்தது.

ஒருநாள் மதியம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, அப்பாவும் மகளும் மாடிப்படியின் கீழ்ப்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் கைகளை முழங்கால் மேல் வைத்து வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள்.

“மேலேர்ந்து விழுந்துட்டோம். அவ என் தோள்ல இருந்தா. ஒண்ணும் ஆகல” என்றான் அவன்.

“ஒண்ணும் ஆகல” என்றாள் வாலு, அதே குரலில்.

அவள் பதறிப்போய் இரண்டு பேரையும் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். வீக்கம் இல்லை, கன்றிப்போன இடம் இல்லை. மகளின் முழங்காலில் மட்டும் தோல் வழன்றிருந்தது. ரத்தம் இல்லை. அத்தனை உயரத்திலிருந்து உருண்டு வந்து இவ்வளவோடு போயிற்றே என்று எல்லா சாமிக்கும் நன்றி சொன்னாள். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு அவன் வேண்டாம் என்றான். அவள் வற்புறுத்தியிருப்பாள். வீட்டுக்குள் நின்றுகொண்டு எதையும் வற்புறுத்தத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவன் மாடியறையிலேயே படுத்துக்கொண்டான். வேலை நெருக்குகிறது என்றான். வாலுவும் கதை கேட்கிற சாக்கில் அப்பாவோடு மேலேயே தங்கிவிட்டாள். விடியுமுன் எழுந்து போகிறவளுக்கு இருட்டியதும் தூக்கம் கண்ணைச் சுழற்றும். யார் எங்கே படுக்கிறார்கள் என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை. தினமும் பேக்கரியிலிருந்து இரண்டு பேருக்கும் பன் கொண்டுவந்து மேசையில் வைப்பாள். சாப்பிட்டாச்சு என்பார்கள். தட்டு காலியாக இருக்கும். வீடும் படு அமைதியாக இருந்தது. எதுவும் உடையவில்லை. வாலு எதையும் உடைக்கவில்லை.

வார விடுமுறை நாள். நல்ல வெயில். ஜன்னலோரம் உட்கார்ந்து தன் நகங்களை வெட்டிக்கொண்டவள், மகளையும் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். விரலைப் பிடித்தாள். வெட்ட ஒன்றுமில்லை.

அவளுக்கு மாவு பிசைகிற கை, நகம் வளரவிடக் கூடாது. மகளுக்கும் சேர்த்தே வெட்டுவது வழக்கம். போன தடவை வெட்டியது அவர்கள் படியிலிருந்து விழுவதற்கு முந்தின நாள். தன் நகம் அதற்குள் இரண்டு முறை வளர்ந்துவிட்டது. வாலுவின் நகம் அப்படியே இருந்தது. கட்டைவிரல் நகத்தின் இடுக்கில் நீலக் கலர் பென்சிலின் துகள். விழுந்த அன்று வாலு கடல் படம் வரைந்திருந்தாள். அந்த நீலம்.

பாவாடையை விலக்கி முழங்காலைப் பார்த்தாள். புண் காயவில்லை. பொருக்குக் கட்டவில்லை, சீழ் வைக்கவில்லை. இப்போதுதான் விழுந்து எழுந்தது போல ஈரமாக, ரோஜா நிறத்தில். விரல் நுனியால் தொட்டாள். குழந்தை முகம் சுளிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அலகு திறக்கும் குருவியையே பார்த்துக்கொண்டிருந்தது.

“வலிக்குதா கண்ணு?”

“ஒண்ணும் ஆகல.”

மருந்து தேடி மாடிப்படிக்குக் கீழிருந்த அலமாரியைத் திறந்தாள். மருந்து டப்பாவுக்குப் பின்னால் துணி மூடிய ஒரு பெரிய தட்டு இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. துணியைத் தூக்கினாள்.

பன்கள். அவள் கொண்டுவந்த அத்தனையும், வரிசை வரிசையாக. மேலே தடவிய முட்டைப் பளபளப்பு மங்காமல். ஒன்றை எடுத்து அழுத்தினாள். மெத்தென்று அமுங்கி எழுந்தது. மூன்றாம் நாள் ரொட்டியில் பச்சைப் பூசணம் வரும், அதற்குமேல் கல்லாகும், இது அவளுக்குத் தூக்கத்திலும் தெரிந்த சங்கதி. ஒன்றில்கூட ஒரு புள்ளி இல்லை. ஒரு எறும்பு இல்லை. ஒன்றிரண்டில் சின்னதாக ஒரு கடி. கடித்த துண்டும் பக்கத்திலேயே இருந்தது. விழுங்காமல் எடுத்து வைத்திருந்தார்கள்.

மாடி ஏறினாள்.

அவன் முதுகைக் காட்டி மேசைமுன் உட்கார்ந்திருந்தான். திரையில் பாதி வரைந்த ஒரு கட்டடம். வீட்டுக்குள்ளும் காலுறை போட்டிருந்தான். அவள் போய் அவன் முதுகில் காதை வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பழகிய சத்தம் அது. மழை ராத்திரிகளில் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறாள்.

காதை அழுத்தி வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சட்டையின் உரசல். அவ்வளவுதான்.

“கேக்குதா?” என்று கேட்டான் அவன், திரும்பாமல்.

“இல்ல.”

“எனக்கும் கேக்கல. விழுந்தப்ப கழுத்துல ஒரு சத்தம் வந்துச்சு. அப்புறம் எழுந்து உக்காந்துட்டேன். சரி, தப்பிச்சேன்னு நினைச்சேன்.” அவன் குரலில் பயம் இல்லை, வருத்தமும் இல்லை. “போன வாரம் பால் வாங்க வாசப்படி இறங்கினேன். ஒரு கால்தான் வெளிய வெச்சேன்.”

குனிந்து காலுறையைக் கழற்றினான். அவள் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்பாதம் வேறு யாருடையதோ போலிருந்தது, பல நாள் மண்ணுக்குள் கிடந்த யாருடையதோ. கணுக்காலிலிருந்து மேலே அவள் புருஷன். அவனிடமிருந்து எந்த நாற்றமும் வரவில்லை. இந்த வீட்டில் அதற்கும் அனுமதி இல்லை.

“வாலு?” என்றாள்.

“தெரியல.”

“தெரியலன்னா?”

“வெளிய விட்டுப் பாக்க எனக்கு தைரியம் இல்ல. அவ எங்கூடவே விழுந்தா. சாப்பிட மாட்டேங்கறா. அழ மாட்டேங்கறா.” திரும்பி அவளைப் பார்த்தான். அவன் முகம் விழுந்த அன்று சவரம் செய்த வழவழப்போடு, அழகாக இருந்தது. “நீயும் வேலைய விட்டுட்டு இங்கயே இருந்துடு. மூணு பேரும் இப்படியே இருக்கலாம். யாருக்கும் எதுவும் ஆகாது. உங்கம்மா நினைப்புகூட உன்ன அழ வைக்காது.”

அவன் சொன்னது சரியென்று பட்டது. இருந்துவிட்டால் என்ன. நாளைக்கு யோசிக்கலாம். சுவர்களிலிருந்து ஒரு குளிர்ச்சி கசிந்து மண்டைக்குள் பரவியது. பயம் மெல்ல மெல்ல மழுங்கியது. அவளே அதை உணர்ந்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நெஞ்சை உடைத்துக்கொண்டிருந்த பயம், யாரோ துடைத்து எடுப்பது போல, ஓரத்திலிருந்து அழிந்துகொண்டே வந்தது. எல்லாம் போய் அடியில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த வீட்டின் மேல் கோபம். என் துக்கத்தை எடுத்தாய். என் அம்மாவை எடுத்தாய். இப்போது பயத்தையுமா? அந்தக் கோபத்தை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு அழணும்” என்றாள். “அவ வளரணும். வளர்ந்து எங்கிட்ட எதிர்த்துப் பேசணும். நான் கிழவியாகணும். தலை நரைச்சு, பல்லு விழுந்து, மண்ணோட மண்ணாப் போகணும். இந்த வீட்டுக்கு நான் எதையும் விட்டுக்குடுக்க மாட்டேன்.”

“அவளும் என்ன மாதிரியே இருந்தா?”

அவள் படிப்பக்கம் திரும்பினாள்.

“இருந்தா, எம்மடியில இருக்கட்டும். வெயில்ல.”

கீழே, அவள் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே வாலு உட்கார்ந்திருந்தாள். அவளைத் தூக்கி நெஞ்சில் காதை வைத்தாள். எங்கோ ஆழத்தில் ஒரு துடிப்பு. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. மகளுடையதா, தன் காதில் ஓடுகிற தன் ரத்தமா. தெரியவில்லை. கேட்கக் கேட்க அதுவும் நின்றது போலிருந்தது.

தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். கூடம் நீண்டுகொண்டே போனது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு சமாதானம் வந்தது. உச்சி வெயில், குழந்தைக்கு ஆகாது. சாயங்காலம் போகலாம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். எல்லாமே அவள் குரலில் வந்தது. அவள் யோசிக்கிற தினுசிலேயே வந்தது.

“வேணாம்மா” என்றாள் வாலு, காதருகே, மெதுவாக.

“போடி” என்றாள் அவள் வீட்டைப் பார்த்து. “போடி நாயே.”

வாசற்படி. கால் கூசியது. ஒரு கணம் நின்றாள். இதுவரை அவள் மகள் உயிரோடு இருக்கிறாள். இந்தப் படியைத் தாண்டும்வரை.

தாண்டினாள்.

சத்தம் ஒரு பெருங்குரலாக வந்து அவள்மேல் மோதியது. குருவி, மைனா, சில்வண்டு, இலை, தூரத்தில் ஒரு நாய். மக்கிய சருகின் வாசனை. சூடான மண். ஒரு கொசு அவள் கழுத்தில் உட்கார்ந்து கடித்தது. வாலு தோளில் கனத்தாள். திடீரென்று. ஈர மூட்டைபோல. தலை பின்னால் தொங்கியது. கண்கள் பாதி திறந்திருந்தன.

அசைவு இல்லை.

வெயில் மட்டும்.

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். மகளை மடியில் கிடத்தினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குலுக்கினாள். திரும்பி உள்ளே ஓடிவிடு என்று எதுவோ சொன்னது. உள்ளே போனால் எழுந்துவிடுவாள், ஒண்ணும் ஆகல என்பாள். அவள் குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டாள். மாட்டேன். மாட்டேன். மாட்டேன்.

முழங்காலில் ஒரு சிவப்புப் புள்ளி.

அது பெருத்தது. உருண்டது. கோடாக இறங்கியது.

வாலு வாயைத் திறந்தாள். முதலில் காற்று. பிறகு ஒரு வீறல். மரத்திலிருந்த பறவைகள் கலைந்து எழுந்தன.

“எரியுதும்மா. எரியுது. பசிக்குது.”

அவளும் அழுதாள். மகளுக்காக, அம்மாவுக்காக, மாடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்காக, இத்தனை நாள் தேங்கிக் கிடந்தது மொத்தமும் ஒரே நேரத்தில் பொங்கியது. மூக்கு ஒழுகியது, நெஞ்சு வலித்தது. அந்த வலியை அவள் யாருக்கும் கொடுக்கமாட்டாள்.

“ஏய்.”

அவன் வாசலுக்கு உள்ளே நின்றிருந்தான். கையில் வாலுவின் செருப்பு. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தான். மகள் அழுவதைப் பார்த்து அவன் முகம் மலர்ந்திருந்தது. அவளுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். பிரசவ அறைக்கு வெளியே நின்று முதல் அழுகையைக் கேட்டபோது சிரித்த சிரிப்பு.

“மண்ணு சுடும். போட்டுட்டுப் போகச் சொல்லு.”

அவள் எழுந்து வருவதற்குள் அவன் கையை நீட்டிவிட்டான். படியைத் தாண்டி, வெயிலுக்குள்.

முதலில் நகங்கள் நிறம் மாறின. பிறகு விரல்கள். பிறகு மணிக்கட்டுவரை. இத்தனை நாள் வராமல் நின்றிருந்தது அத்தனையும் வரிசையாக வந்து சேர்ந்தது. அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. அவள் பின்வாங்கவில்லை. அவன் கை. மாவு படிந்த அவள் முகத்தை எத்தனையோ தடவை துடைத்துவிட்ட கை. கிட்டே போய்ச் செருப்பைப் பிடித்தாள். வார் அவன் விரலோடு ஒட்டியிருந்தது. மெல்ல இழுத்தாள். வந்தது. அதோடு வந்ததை மண்ணில் துடைத்தாள்.

“வரேங்க” என்றாள்.

அவன் தலையசைத்தான்.

மகளின் காலில் செருப்பை மாட்டி, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினாள். திரும்பிப் பார்ப்பதில்லை என்று பல்லைக் கடித்தாள். அவள் தோளுக்குமேல் வீட்டைப் பார்த்தபடி வந்த வாலு, விசும்பலை நிறுத்திக் கையைத் தூக்கினாள்.

“அப்பா, டாட்டா.”

அவள் திரும்பினாள்.

வாசலில், நிழலுக்குள், சவரம் செய்த அந்த இளமையான முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், படிக்கு இப்பால், முழங்கைவரை வெயிலுக்கு நீண்டு, சதை தொங்க, எலும்பு தெரிய, அந்தக் கை மகளுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தது. ஒரு விரல் கழன்று மண்ணில் விழுந்தது. கை நிற்கவில்லை.